தென்னந்தோப்புக்கு மேலே வைஃபை

கடமலைக்குண்டிலிருந்து தேனிக்கு நேர்க்கோட்டில் அளந்தால் இருபது கிலோமீட்டருக்குச் சற்று மேலே வரும். கண்டமனூர் வழியாகச் சாலையில் போனால் இன்னும் கூடும். மேற்கிலும் தெற்கிலும் வருசநாட்டு மலையும் மேகமலையும், கிழக்கே ஆண்டிபட்டி மலைத்தொடர், நடுவில் மூலவைகை. வருடத்தில் பல மாதம் மணலாகவே கிடக்கும் அந்த ஆற்றின் கரைகளில் தென்னை, சரிவுகளில் இலவமரம். இப்படி மூன்று பக்கமும் மலை சூழ்ந்த ஓர் இடத்திலிருந்து, கம்பி இழுக்காமல், அலைவரிசைக்கு உரிமம் வாங்காமல், வீட்டு மேசையில் கிடக்கும் வைஃபை பெட்டியின் உள்ளே இருக்கிற அதே சில்லைக் கொண்டு தேனிக்கு நேரலையாக ஒரு காணொளியை அனுப்ப முடியுமா?

கேள்வி கற்பனையாகத் தோன்றலாம். ஆனால் இதே மாவட்டத்தில், இதே மலைகளுக்கு நடுவில், ஏறக்குறைய இருபது ஆண்டுகளுக்கு முன்பு இதற்கு விடை கண்டிருக்கிறார்கள். தேனி அரவிந்த் கண் மருத்துவமனையையும் போடிநாயக்கனூர், சின்னமனூர், பெரியகுளம், ஆண்டிபட்டி, அம்பாசமுத்திரம் ஆகிய ஊர்களின் சிறு கண் சிகிச்சை மையங்களையும் வைஃபையால் இணைத்தார்கள். (இந்த அம்பாசமுத்திரம் தாமிரபரணிக் கரையில் இருப்பதல்ல, தேனிக்குப் பக்கத்துச் சிற்றூர்.) பெர்க்லியில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டையர் என்ற ஆய்வுக்குழு மருத்துவமனையோடு சேர்ந்து இதைச் செய்தது. கணினி வலைப்பின்னல் படிக்கும் மாணவர்கள் உலகெங்கும் இன்றும் புரட்டுகிற இரண்டு ஆய்வுக்கட்டுரைகள், 2007-லும் 2008-லும், இந்த வேலையிலிருந்து பிறந்தன. தேனிக்காரர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும் என்று கேட்டால் பதில் சங்கடமாகத்தான் இருக்கும்.

முதலில் தேவை என்ன என்று பார்த்துவிடலாம். டாக்டர் ஜி. வெங்கடசாமி 1976-இல் மதுரையில் 11 படுக்கைகளோடு அரவிந்த் மருத்துவமனையைத் தொடங்கினார். முடக்குவாதத்தால் விரல்கள் கோணிப்போன நிலையிலும் கத்தி பிடித்துக் கண்புரை அறுவை செய்தவர் அவர். 1985-இல் தேனியில் ஒரு கிளை வந்தது. ஊர் ஊராக முகாம் போட்டுப் புரை விழுந்தவர்களைப் பேருந்தில் அழைத்துவந்து, அறுவை செய்து, திரும்பக் கொண்டுபோய் விடுவது அவர்கள் பாணி. அது புரைக்குச் சரி. கண்ணாடி மட்டும் தேவைப்படுகிறவர், கண்ணில் தூசி விழுந்து புண்ணானவர், சர்க்கரை நோயால் பார்வை மங்கத் தொடங்கியவர் எல்லோரும் அடுத்த முகாம் வரும்வரை காத்திருக்க முடியாது. தேனிக்குப் போக வேண்டுமென்றால் ஒருநாள் கூலி போகும், துணைக்கு வருகிறவரின் கூலியும் போகும். ஆகவே நோயாளியை நகர்த்துவதற்குப் பதிலாக அவர் கண்ணின் படத்தை நகர்த்தலாம் என்று யோசித்தார்கள். சிறு மையத்தில் பயிற்சி பெற்ற ஒரு பணியாளர், ஸ்லிட் லேம்ப் என்ற கண் பரிசோதனைக் கருவி ஒன்று, அதன் பார்வை வில்லையோடு பொருத்தக்கூடிய ஒரு கேமரா, ஒரு கணினி. மருத்துவர் தேனியில் உட்கார்ந்தபடியே படத்தைப் பார்த்து நோயாளியோடு பேசுவார்.

பேச வேண்டும் என்றால் காணொளி வேண்டும். அன்றைக்குக் கிராமத்தில் கிடைத்தது என்ன? தொலைபேசிக் கம்பி வழியே டயல்-அப் என்றால் நொடிக்கு 56 கிலோபிட், அதுவும் ஏட்டில்தான். சென்னை ஐஐடி-யில் அசோக் ஜுன்ஜுன்வாலாவின் குழு உருவாக்கிய கார்டெக்ட் என்ற கம்பியில்லாத் தொலைபேசி அமைப்பு 35 அல்லது 70 கிலோபிட் கொடுத்தது. 2001 வாக்கில் மேலூர் வட்டாரக் கிராமங்களில் அதை வைத்து இணைய நிலையங்கள் நடந்தன, கண்ணின் புகைப்படத்தை மின்னஞ்சலில் அரவிந்துக்கு அனுப்பும் வேலையும் அங்கே நடந்தது. அந்தக் காலத்துக்கு அது பெரிய சாதனை. ஆனால் நேருக்கு நேர் பேச அது போதாது. செயற்கைக்கோள் இணைப்புக்குச் செலவு அதிகம். 36,000 கிலோமீட்டர் மேலே போய் இறங்குவதால் ஒவ்வொரு கேள்விக்கும் பதிலுக்கும் நடுவே அரை நொடி இழுக்கும். மிஞ்சியது வைஃபை. மடிக்கணினிக்காகக் கோடிக்கணக்கில் அச்சடிக்கப்பட்டதால் சில்லின் விலை அடிமாட்டு விலைக்கு இறங்கியிருந்தது. 2005-இல் மத்திய அரசு 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டையை உரிமத்திலிருந்து விடுவித்துவிட்டது. சிக்கல் ஒன்றே ஒன்று. ஒரு அறைக்குள், மிஞ்சினால் ஒரு கட்டடத்துக்குள் பேசுவதற்காகச் செய்யப்பட்ட சாதனம் அது.

தூரத்தைக் கடப்பது கடினம் என்று நினைப்போம். உண்மையில் அதுதான் எளிய பகுதி. எல்லாத் திசையிலும் சிதறும் ஆற்றலைத் திரட்டி ஒரே திசையில் அனுப்பும் ஆன்டெனாவைப் பொருத்தி, இரு முனையையும் ஒன்றையொன்று நோக்கித் திருப்பினால் பல பத்து கிலோமீட்டர் போகும். குறுக்கே எதுவும் இருக்கக் கூடாது, அவ்வளவுதான். இந்த "அவ்வளவுதான்" என்பதில் கொஞ்சம் இயற்பியல் ஒளிந்திருக்கிறது. ரேடியோ அலை நூல்கோடாகப் போவதில்லை. இரு கோபுரத்துக்கும் இடையே அது பயன்படுத்தும் வெளி இரு முனையிலும் ஒடுங்கி நடுவில் பருத்திருக்கும். 2.4 கிகாஹெர்ட்ஸில் அலையின் நீளம் பன்னிரண்டரை சென்டிமீட்டர். இருபது கிலோமீட்டர் இணைப்புக்குக் கணக்குப் போட்டால் நட்டநடுவில் அந்த வெளியின் ஆரம் 25 மீட்டர் வருகிறது. அதில் குறைந்தது அறுபது சதவீதம், அதாவது 15 மீட்டர், தடையில்லாமல் இருக்க வேண்டும். பூமி உருண்டை என்பதால் அந்தத் தூரத்துக்கு நடுவில் தரை ஏறக்குறைய எட்டு மீட்டர் புடைத்துக்கொண்டு நிற்கும். அதன் மேல் வளர்ந்த ஒரு தென்னை, 20 மீட்டர். ஈரமான ஓலை இந்த அலையை நன்றாகவே விழுங்கும். கூட்டினால் 43 மீட்டர்.

தேனி வலைப்பின்னலுக்காக நிறுத்திய கோபுரங்களின் உயரம் 24 முதல் 42 மீட்டர் வரை. அங்கே நீளமான இணைப்பு 15 கிலோமீட்டர், மிகக் குட்டையானது ஒரு கிலோமீட்டர். எல்லா இடத்திலும் கோபுரம் எழுப்பவில்லை. சில இடங்களில் மொட்டை மாடியில் ஒரு குட்டைக் கம்பம், ஓரிடத்தில் ஒரு ஜவுளி ஆலை வளாகத்தின் மின் நிலையப் புகைபோக்கி. இருப்பதைப் பயன்படுத்திக்கொள்ளும் இந்தச் சாமர்த்தியம் ஆய்வுக்கட்டுரையில் ஒரே வரியில் முடிந்துபோகிறது. எனக்கென்னவோ அதற்கே தனியாக ஒரு பாராட்டு தர வேண்டும் என்று படுகிறது. கடமலைக்குண்டு மாதிரி மலைக்குள் ஒடுங்கிய ஊருக்கு நேரடிப் பார்வை கிடைக்காவிட்டால் நடுவில் மேடான ஓரிடத்தில் சிக்னலை வாங்கி மறுபடி அனுப்பும் ஒரு நடுவழி நிலையம் வைத்து இரண்டு தாவலாகப் போகலாம். தேனி வலைப்பின்னலிலும் பாதிக்குப் பாதி அப்படி நடுவழி நிலையங்கள்தாம்: மொத்தம் 11 ரூட்டர்களில் 5 அந்த வேலைக்கு.

கோபுரம் நின்றது, ஆன்டெனாக்கள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன, சிக்னல் பலமாக வந்தது. ஆனாலும் தகவல் சரியாக ஓடவில்லை. உண்மையான கண்டுபிடிப்பு தொடங்குவது இங்கேதான்.

வைஃபையின் சில்லுக்குள் சில பழக்கங்களை ஊற்றி வைத்திருக்கிறார்கள். முதல் பழக்கம், ஒரு பொட்டலத் தகவலை அனுப்பிவிட்டு, "கிடைத்தது" என்ற ஒப்புகை வரும்வரை அடுத்ததை அனுப்பாமல் நிற்பது. எவ்வளவு நேரம் நிற்பது? சில நூறு மீட்டருக்குள் பேசுகிறோம் என்ற எண்ணத்தில் அதற்கு மிகச் சின்ன கெடு வைத்திருக்கிறார்கள். ஒளியும் ரேடியோவும் ஒரு மைக்ரோ நொடியில் 300 மீட்டர் போகும். 15 கிலோமீட்டருக்கு 50 மைக்ரோ நொடி, போய்த் திரும்ப 100. ஒரு நொடியின் பத்தாயிரத்தில் ஒரு பங்கு. நமக்கு அது நேரமே இல்லை. சில்லுக்கு அது கெடுவைத் தாண்டிய காலம். விளைவு விநோதமானது. ஆண்டிபட்டியில் பொட்டலம் பத்திரமாக வந்து சேர்ந்திருக்கும், ஒப்புகையும் கிளம்பியிருக்கும். அது காற்றில் பாதி வழி வருவதற்குள் தேனிப் பக்கத்துச் சில்லு "தொலைந்துபோயிற்று" என்று முடிவு கட்டி அதே பொட்டலத்தை மறுபடி அனுப்பும். மறுபடியும், மறுபடியும். ஒன்றுமே தொலையாமல் எல்லாம் தொலைந்ததாகக் கணக்கு எழுதும். இந்தக் கெடுவை நீட்டிவிடலாம், சில சில்லுகள் அதற்கு இடம் கொடுக்கும். 15 கிலோமீட்டரில் காத்திருக்கும் செலவும் அதிகமில்லை. ஒரு முழுப் பொட்டலத்தை நொடிக்கு 11 மெகாபிட் வேகத்தில் அனுப்பவே ஆயிரம் மைக்ரோ நொடிக்கு மேல் பிடிக்கும். ஆனால் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் என்று வந்தால் பேசும் நேரத்தைவிடக் காத்திருக்கும் நேரமே அதிகமாகிவிடும்.

இரண்டாவது பழக்கம் இன்னும் ஆழமானது, அதற்கு ஒரு வரலாறும் உண்டு. 1971-இல் ஹவாய்ப் பல்கலைக்கழகத்தில் நார்மன் ஆப்ராம்சன் குழு தீவுகளில் சிதறிக் கிடந்த முனையங்களை ஒரே ரேடியோ அலைவரிசையில் ஒரு கணினியோடு இணைத்தது. அலோஹா என்று பெயர். யாரும் எப்போது வேண்டுமானாலும் பேசலாம். இருவர் பேச்சு மோதிக்கொண்டால் ஆளுக்கொரு கணம், ஒழுங்கில்லாத இடைவெளி விட்டு, மறுபடி அனுப்ப வேண்டும். எளிமை என்றால் அப்படியொரு எளிமை. கணக்குப் போட்டால் அலைவரிசையின் 18 சதவீதத்துக்கு மேல் பயன்படுத்தவே முடியாது என்று தெரிகிறது. பிறகு பேசுவதற்கு முன் யாராவது பேசுகிறார்களா என்று கேட்டுப் பார்க்கும் வழக்கத்தைச் சேர்த்தார்கள். 1973-இல் ராபர்ட் மெட்காஃப் முன்வைத்த ஈதர்நெட் அப்படித்தான். வைஃபை அந்தப் பரம்பரையின் வாரிசு: கேள், அமைதியாக இருந்தால் பேசு.

அறைக்குள் இது நல்ல பண்பு. பள்ளத்தாக்குக்குக் குறுக்கே இது பயனற்றது. போடியில் உள்ள ரூட்டர் பேசத் தொடங்கியது தேனிக்குக் கேட்கப் பல பத்து மைக்ரோ நொடி ஆகும். வைஃபையின் ஆரம்பகால விதிப்படி கேட்டுப் பார்க்கும் கால அலகு 20 மைக்ரோ நொடிதான். அந்த நேரத்தில் தேனி கேட்டது அமைதி, ஆனால் அது பழைய அமைதி. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேசத் தொடங்கி, இரண்டு பேச்சும் காற்றில் மோதிக் குழம்பும். கோபுரத்தில் இன்னொரு தொல்லையும் உண்டு. ஒரே கம்பத்தில் போடி பக்கம் ஓர் ஆன்டெனா, சின்னமனூர் பக்கம் ஓர் ஆன்டெனா இருந்தால், ஒன்று உரக்க அனுப்பும்போது பக்கத்தில் இருப்பதால் மற்றதற்குத் தூரத்திலிருந்து வரும் மெல்லிய குரல் கேட்காது.

இந்தக் கடைசித் தொல்லைக்கு விடை கான்பூரிலிருந்து வந்தது. கான்பூர் ஐஐடி-யில் பாஸ்கரன் ராமனும் காமேஸ்வரி செப்ரோலுவும் கங்கைச் சமவெளிக் கிராமங்களை வைஃபையால் இணைக்கும் திட்டத்தில் வேலை செய்துகொண்டிருந்தார்கள். 2005-இல் அவர்கள் வெளியிட்ட யோசனை, சொன்ன பிறகு "அட, இது தோன்றவில்லையே" என்று நினைக்க வைப்பது. ஒரே கோபுரத்தில் உள்ள எல்லா ஆன்டெனாக்களும் ஒரே நேரத்தில் அனுப்பட்டும், பிறகு எல்லாம் ஒரே நேரத்தில் கேட்கட்டும். அனுப்புகிறவர் பக்கத்தில் இன்னொருவர் அனுப்பினால் நஷ்டமில்லை, கேட்கிறவர் பக்கத்தில் ஒருவர் அனுப்பினால்தான் நஷ்டம். அதற்கு "முதலில் கேள்" என்ற பழக்கத்தைச் சில்லில் அணைத்துவிட வேண்டும்.

பெர்க்லி குழு இதைத் தேனிக்கு ஏற்ப வளர்த்தது. ராபின் பாத்ரா, செர்ஜியு நெடெவ்ஷி, சோனேஷ் சுரானா, லட்சுமிநாராயணன் சுப்பிரமணியன் முதலானோரும் அவர்களின் பேராசிரியர் எரிக் ப்ரூவரும் எழுதிய மென்பொருளுக்கு வைல்ட்நெட் என்று பெயர். மலைச்சாலையில் ஒருபக்கம் பாறை சரிந்து ஒற்றை வண்டி போகும் அகலமே மிஞ்சினால் என்ன செய்வார்கள்? குமுளிப் பாதையில் பார்த்திருப்போம். கீழிருந்து வரும் வண்டிகளைக் கொஞ்ச நேரம் விடுவார்கள், பிறகு மேலிருந்து வருவதை. ஒவ்வொரு வண்டியும் தானாக எட்டிப் பார்த்து முடிவு செய்தால் நடுவில் முட்டிக்கொண்டு நிற்கும். வைல்ட்நெட் செய்ததும் இதுவே: இந்தச் சில மில்லி நொடி உனக்கு, அடுத்த சில மில்லி நொடி எனக்கு. தன் முறை வந்ததும் ஒவ்வொரு பொட்டலத்துக்கும் ஒப்புகை கேட்டு நிற்காமல் ஒரு கொத்தாக அனுப்பும். எது வந்தது, எது வரவில்லை என்ற பட்டியல் மறுமுனையின் முறை வரும்போது மொத்தமாக வந்து சேரும்.

ஊர்களுக்குள் இருக்கும் முனையில் வேறு வைஃபைகளின் இரைச்சலால் பொட்டலங்கள் அவ்வப்போது உண்மையாகவே தொலைந்தன. காணொளிப் பேச்சில் தொலைந்ததைத் திரும்பக் கேட்க நேரமில்லை. அதற்கு ஒரு பழைய கணித உபாயம் கைகொடுத்தது. 7, 5 என்று இரண்டு எண்களை அனுப்ப வேண்டும் என்று வையுங்கள். அவற்றோடு 12 என்ற கூட்டுத்தொகையையும் அனுப்புங்கள். மூன்றில் எந்த ஒன்று தொலைந்தாலும் மற்ற இரண்டை வைத்து அதை மீட்டுவிடலாம். யாரிடமும் எதையும் திரும்பக் கேட்க வேண்டியதில்லை. உண்மையில் செய்வது இதைவிடச் சிக்கலான கணக்கு, ஆனால் தத்துவம் இதுவே. எவ்வளவு அதிகமாகச் சேர்த்து அனுப்புகிறோமோ அவ்வளவு இழப்பைத் தாங்கலாம், அவ்வளவு வேகமும் குறையும். இழப்பைப் பார்த்து அந்த அளவைச் சரிசெய்துகொள்ள வேண்டும். எல்லாம் சேர்ந்து, சாதாரண வைஃபை விதிகளோடு ஒப்பிட்டால் இரண்டிலிருந்து ஐந்து மடங்கு வரை தகவல் ஓடியது. சில்லை மாற்றவில்லை, ஆன்டெனாவை மாற்றவில்லை. பேச்சின் ஒழுங்கை மட்டும் மாற்றினார்கள்.

இங்கேயே கதை முடிந்திருந்தால் இது நல்ல ஆய்வுக்கூட வெற்றி. ஆனால் தேனியில் கரண்ட் என்று ஒன்று இருக்கிறது.

இந்தியாவில் தாங்கள் வேலை செய்த ஊர்களில் மின்சாரத்தை அளந்து பார்த்த அந்தக் குழு மிரண்டுபோனது. 230 வோல்ட் வர வேண்டிய இடத்தில் 1,000 வோல்ட்டைத் தாண்டிய கணநேரத் துள்ளல்கள், நீண்ட நேரம் 70 வோல்ட்டுக்குக் கீழே இறங்கிக் கிடக்கும் வறட்சிகள். நமக்கு இதில் வியக்க எதுவுமில்லை. லோ வோல்டேஜில் டியூப்லைட் கண்சிமிட்டுவதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். ரூட்டருக்கு முழுக்க அணைவது பெரிய கேடில்லை, கரண்ட் வந்ததும் எழுந்துகொள்ளும். பாதி வோல்டேஜில் அது அணையவும் அணையாமல் வேலையும் செய்யாமல் திகைத்து நிற்கும். யாராவது கோபுரத்துக்குப் போய்ப் பிளக்கைப் பிடுங்கிச் சொருகினால்தான் உயிர் வரும். ஊசலாடும் நேரத்தில் நினைவகத்தில் எதையாவது எழுதினால் கோப்புகள் சிதையும். பழுதுகளில் மிகப்பெரும்பாலானவை இந்த மின்சாரத்தால் வந்தவை. தீர்வுகள் எல்லாம் மலிவானவை: வோல்டேஜ் ஓர் அளவுக்குக் கீழே போனால் முழுவதுமாகத் துண்டித்துவிடும் சுற்று, இயங்கிக்கொண்டிருப்பதற்கான அடையாளம் குறித்த நேரத்தில் வராவிட்டால் ரூட்டரைத் தானே மறுதொடக்கம் செய்யும் கடிகாரம், நினைவகத்தில் எழுத அனுமதிக்காமல் படிக்க மட்டும் விடுவது.

பழுதான ரூட்டரைத் தொலைவிலிருந்தே சரிசெய்ய வேண்டுமென்றால் அதன் முகவரி வேண்டும். ஒவ்வொரு ரூட்டருக்கும் ஓர் ஐபி எண் உண்டு, அதை வைத்துத்தான் பொட்டலங்கள் வழி கண்டுபிடிக்கின்றன. இன்றும் பெருவழக்கில் உள்ள நான்காம் பதிப்பில் அப்படி 429 கோடிச் சொச்சம் எண்கள் மட்டுமே உண்டு. உலகத்துக்கு அது போதாது என்று தொண்ணூறுகளிலேயே தெரிந்துவிட்டது. 1994-இல் ஒரு தற்காலிக ஏற்பாடு வந்தது: ஒரு கட்டடத்துக்குள் எல்லோரும் வெளியுலகில் செல்லாத உள்ளூர் எண்களை வைத்துக்கொள்ளட்டும், வாசலில் உள்ள பெட்டி ஒன்று மட்டும் உண்மையான எண்ணோடு எல்லோர் சார்பிலும் வெளியே பேசட்டும். தற்காலிகம் என்று வந்தது. முப்பது ஆண்டுகளாகியும் போகவில்லை.  இந்த ஏற்பாட்டில் உள்ளேயிருந்து வெளியே பேசலாம், வெளியேயிருந்து உள்ளே யாரையும் தேடி வர முடியாது. தேடுவதற்கான முகவரியே இல்லை.

தேனியில் ஒரு ரூட்டர் தடுமாறினால் பெர்க்லியில் இருக்கும் பொறியாளர் அதற்குள் எப்படி நுழைவது? திருப்பிப் போட்டார்கள். உள்ளே இருக்கும் கணினி தானே வெளியே அழைத்து ஓர் இணைப்பைத் திறந்து வைத்துக்கொள்ளும். வெளியே இருப்பவர் அந்தத் திறந்த வழியாகவே உள்ளே வருவார். ரூட்டர்களின் நலம் பற்றிய அளவீடுகளையும் அப்படியே, யாரும் வந்து கேட்பதற்குக் காத்திருக்காமல், தாங்களே வெளியே அனுப்பும்படி செய்தார்கள்.

இன்னொரு சிக்கலுக்கு அவர்கள் கண்ட விடைதான் எனக்கு மிகப் பிடித்தது. பதினைந்து கிலோமீட்டர் தள்ளிக் கோபுர உச்சியில் இருக்கும் ரூட்டரின் ஐபி எண்ணை ஒருவர் தவறாக மாற்றிவிட்டார் என்று வையுங்கள். ரேடியோ வேலை செய்கிறது, கரண்ட் இருக்கிறது. ஆனால் வலைப்பின்னலுக்கு அது காணாமல் போய்விட்டது. சரிசெய்ய அதற்குள் நுழைய வேண்டும், நுழைய அதன் முகவரி வேண்டும், முகவரிதான் கெட்டுப்போயிருக்கிறது. ஆகவே ஒவ்வொரு இணைப்பின் இரு முனைக்கும், வலைப்பின்னலின் பொதுத் திட்டத்தோடு சேராத இரண்டாவது முகவரி ஒன்றைக் கொடுத்தார்கள். அது அந்த இரண்டு ரூட்டர்களுக்கு நடுவில் மட்டும் செல்லும். மூன்றாவது ஊருக்குத் தெரியாது. பெரிய வலைப்பின்னல் முழுக்கக் குழம்பினாலும் பக்கத்து ரூட்டருக்குப் போய், அங்கிருந்து அடுத்ததற்கு, அங்கிருந்து அதற்கடுத்ததற்கு என்று ஒவ்வொரு படியாகத் தாண்டிச் சென்று கோளாறைச் சரிசெய்யலாம். இந்தக் கருத்து அவர்கள் புதிதாகக் கண்டதல்ல. உங்கள் கணினி இணைப்புக் கிடைக்காமல் தவிக்கும்போது சில நேரம் 169.254 என்று தொடங்கும் எண் ஒன்றைக் காட்டும். அது இதே வகை: ஒரே இணைப்பில் இருப்பவர்களுக்குள் மட்டும் செல்லும் முகவரி. ஐபி-யின் ஆறாம் பதிப்பில் ஒவ்வொரு கருவிக்கும் பிறவியிலேயே இப்படி ஒன்று உண்டு.

பாதுகாப்பு பற்றிச் சொல்லாமல் விட்டால் பாதிக் கதைதான். பெரியகுளத்து மூதாட்டி ஒருவரின் கண் படம் காற்றில் போகிறது. குறுக்கே ஆன்டெனா நீட்டுகிற எவரும் அதைப் பிடிக்கலாம். வைஃபையோடு முதலில் வந்த பூட்டு 2001-இலேயே உடைந்துவிட்டது. ஸ்காட் ஃப்ளூரர், இட்சிக் மான்டின், ஆதி ஷமிர் ஆகியோர் அதன் கணிதப் பலவீனத்தைக் காட்டினார்கள். நல்ல பூட்டுக்கு இரு முனையும் ஒரே சாவியை வைத்திருக்க வேண்டும். ஒட்டுக்கேட்கப்படும் வழியில் சாவியை எப்படி அனுப்புவது? இதற்கு விடை கண்டவர்கள் விட்ஃபீல்ட் டிஃபியும் மார்ட்டின் ஹெல்மனும், ஆண்டு 1976. மதுரையில் அந்த 11 படுக்கை மருத்துவமனை திறந்த அதே ஆண்டு.

கையால் போட்டுப் பார்க்கலாம். 3, 17 என்ற இரண்டு எண்கள் ஊருக்கே தெரியும். தேனி மனதுக்குள் 6 என்று நினைக்கிறது. 3-ஐ ஆறு முறை பெருக்கினால் 729. 17-ஆல் வகுத்தால் மீதி 15. அதை உரக்கச் சொல்கிறது. போடி மனதுக்குள் 7 என்று நினைக்கிறது. 3-ஐ ஏழு முறை பெருக்கினால் 2,187, மீதி 11. அதையும் உரக்கச் சொல்கிறது. இப்போது தேனி 11-ஐ ஆறு முறை பெருக்கி 17-ஆல் வகுத்து மீதி எடுக்கிறது: 8. போடி 15-ஐ ஏழு முறை பெருக்கி மீதி எடுக்கிறது: அதுவும் 8. சாவி 8. அந்த எட்டை யாரும் காற்றில் சொல்லவே இல்லை. ஒட்டுக்கேட்டவருக்கு 3, 17, 15, 11 எல்லாம் தெரியும். 6-உம் 7-உம் தெரியாது. இவ்வளவு சின்ன எண்ணென்றால் ஒரு பள்ளிப் பிள்ளை உடைத்துவிடும். 17-க்குப் பதில் அறுநூறு இலக்க எண்ணை வைத்தால் இன்றைய கணினிகளால் இயலாது.

ஹெல்சிங்கித் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் யாரோ கடவுச்சொற்களை ஒட்டுக்கேட்டுத் திருடிய சம்பவத்துக்குப் பிறகு, 1995-இல் அங்கிருந்த டாட்டு யுலோனன் தொலைவிலிருந்து கணினிக்குள் பாதுகாப்பாக நுழைய எஸ்எஸ்ஹெச் என்ற மென்பொருளை எழுதினார். அதன் இரண்டாம் பதிப்பு இந்த டிஃபி-ஹெல்மன் கணக்கைக் கொண்டே சாவி செய்கிறது. தேனியில் உள்ளிருந்தே வெளியே திறந்துவைத்த வழியும் எஸ்எஸ்ஹெச்தான். ஒன்றைச் சொல்லிவிட வேண்டும்: இதே "உள்ளிருந்து வெளியே திறக்கும்" உபாயத்தைத்தான் கணினிக்குள் புகுந்த திருடர்களும் பயன்படுத்துகிறார்கள். யார் கையில் சாவி என்பதைப் பொறுத்து அது சேவை அல்லது களவு.

2008-இல் அந்தக் குழு வெளியிட்ட கணக்குப்படி அரவிந்த் வலைப்பின்னலில் மாதம் 3,000 கிராமத்து நோயாளிகள் காணொளியில் மருத்துவரைப் பார்த்தார்கள். அதற்கு முந்தைய ஆண்டில் வெனிசுவேலாவில் எர்மானோ பியெட்ரோசெமோலி இரண்டு மலையுச்சிகளுக்கு இடையே 382 கிலோமீட்டர் வைஃபை இணைப்பை எட்டியபோது, பெர்க்லி குழுவின் மென்பொருளும் அங்கே ஓடியது. ஒரு பொட்டலம் போய் ஒப்புகை திரும்ப 2.5 மில்லி நொடி பிடிக்கும் தூரம் அது. பழைய பழக்கத்தோடு இருந்த சில்லு அங்கே ஒரு வார்த்தைகூடப் பேசியிருக்க முடியாது.

பிறகு செல்பேசி நிறுவனங்களின் கோபுரங்கள் ஊர் ஊராக வந்தன, ஊராட்சிகளுக்குக் கண்ணாடி இழை போடும் திட்டம் வந்தது; தமிழ்நாட்டில் 12,525 ஊராட்சிகள் அதன் இலக்கு. சொந்தமாகக் கோபுரம் நிறுத்தி வைஃபை இழுக்கும் தேவை குறைந்துவிட்டது. ஆனால் தூரம் குறையவில்லை, ஒளியின் வேகமும் கூடவில்லை. மயிலாடும்பாறைப் பக்கத்துத் தோப்பில் ஒருவர் செல்பேசியை எடுக்கும்போது, அவர் கோபுரத்திலிருந்து எவ்வளவு தள்ளி நிற்கிறார் என்பதைக் கோபுரம் சிக்னல் வந்த தாமதத்தைக் கொண்டு கணக்கிட்டு, "நீ இவ்வளவு முன்கூட்டியே பேசு" என்று செல்பேசிக்குச் சொல்கிறது. பழைய இரண்டாம் தலைமுறையில் இந்தக் கணக்கு ஏறக்குறைய 550 மீட்டருக்கு ஒரு படியாக, 63 படி வரை போகும். அதனால்தான் அந்தக் கோபுரங்களின் வழக்கமான எல்லை 35 கிலோமீட்டர். நான்காம் தலைமுறையில் படி 78 மீட்டராகச் சுருங்கியிருக்கிறது. தோப்பின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு நடந்துகொண்டே பேசினால், நடுவில் ஓரிரு முறை அந்த எண் மாறும்.